மோனோலித்தா, மைக்ரோசர்வீஸா? புதிதாக வருபவர்கள் படிப்படியாக முடிவெடுக்க

புதிதாக ஒரு மென்பொருளை எழுத உட்காரும் பலருக்கும் முதல் நாளே வரும் குழப்பம் இது: எல்லாவற்றையும் ஒரே செயலியாக எழுதுவதா (மோனோலித்), தனித்தனியே ஓடும் சின்னச் சின்ன சர்வீஸ்களாகப் பிரித்து எழுதுவதா (மைக்ரோசர்வீஸ்)? மைக்ரோசர்வீஸ் என்றால் நவீனம், மோனோலித் என்றால் பழசு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அதை நம்பி இறங்கினால் மூன்று பேர் உள்ள குழு பதினைந்து சர்வீஸ்களைக் கட்டி மேய்க்க வேண்டியதாகிவிடும். பயனருக்குத் தேவையான வசதிகளை எழுத நேரமே இருக்காது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரலை ஒழுங்காகப் பகுதி பிரித்து எழுதுவது ஒரு வேலை. பிரித்த பகுதிகளைத் தனித்தனி சர்வீஸ்களாக ஓடவிடுவது வேறொரு வேலை. முதல் வேலை எல்லோருக்கும் எப்போதும் தேவை. இரண்டாவது சிலருக்குத்தான் தேவைப்படும், அதுவும் கொஞ்ச காலம் போன பிறகு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பெரும்பாலான தொல்லைகள் வருகின்றன.

பேச்சுக்கு ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம்: நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் பதிவு செய்யும் செயலி. அதில் பயனர் கணக்கு, இருக்கை, வாலட், அறிவிப்பு என்று நான்கு பகுதிகள். பயனர் வாலட்டில் முன்பே பணம் போட்டு வைத்திருப்பார். டிக்கெட் எடுக்கும்போது அதிலிருந்து கழியும், முடிந்ததும் அவருக்கு மின்னஞ்சல் போகும்.

## இரண்டும் எப்படி ஓடுகின்றன

மோனோலித்தில் இந்த நான்கு பகுதிகளும் ஒரே செயலிக்குள் இருக்கும். ஒன்றாக பில்ட் ஆகும், ஒன்றாக டிப்ளாய் ஆகும் (அதாவது சர்வரில் ஏற்றி ஓடவிடப்படும்), பெரும்பாலும் ஒரே டேட்டாபேஸைப் பயன்படுத்தும். இருக்கைப் பகுதிக்கு வாலட்டிலிருந்து ஏதாவது வேண்டுமென்றால் ஒரு ஃபங்ஷனை அழைத்தால் போதும்.

மைக்ரோசர்வீஸில் நான்கும் நான்கு தனிச் செயலிகள். ஒவ்வொன்றுக்கும் சொந்த டேட்டாபேஸ், சொந்த டிப்ளாய்மென்ட். ஒன்றோடொன்று பேச வேண்டுமென்றால் நெட்வொர்க் வழியாகத்தான்: எச்டிடிபி ஏபிஐ, ஜிஆர்பிசி, அல்லது காஃப்கா, ராபிட்எம்க்யூ போன்ற மெசேஜ் அமைப்புகள். அமேசான், நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் இப்படிப் பிரிக்கத் தொடங்கியது முன்பே நடந்தாலும், 2014 மார்ச்சில் மென்பொருள் வடிவமைப்பாளர்களான ஜேம்ஸ் லூயிஸும் மார்ட்டின் ஃபவுலரும் எழுதிய கட்டுரைதான் இந்தப் பெயரைப் பரவலாக்கியது. ஒரு சர்வீஸ் எத்தனை வரி இருக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். மற்ற எதையும் தொடாமல் அதை மட்டும் மாற்றி டிப்ளாய் செய்ய முடிகிறதா? அதுதான் அளவுகோல்.

இங்கே ஒரு தவறான புரிதலைச் சரிசெய்துவிட வேண்டும். மோனோலித் என்றால் ஒரே சர்வரில்தான் ஓடும், கூட்டம் வந்தால் தாங்காது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதே செயலியைப் பத்து சர்வர்களில் ஏற்றி, வரும் கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் ஒரு லோட் பேலன்சரை முன்னால் வைத்தால் பத்தும் வேலையைப் பகிர்ந்துகொள்ளும். உலகமெங்கும் நிரலாளர்கள் பயன்படுத்தும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் பல ஆண்டுகள் ஒரே செயலியாக, விரல்விட்டு எண்ணக்கூடிய வெப் சர்வர்களில்தான் ஓடியது.

## ஒரு டிக்கெட் விற்பதை உற்றுப் பார்ப்போம்

வித்தியாசம் எங்கே உறைக்கிறது என்பதைப் பொதுவாகச் சொன்னால் புரியாது. ஒருவர் சி-12 இருக்கையை வாங்கும் அந்த ஒரு நொடியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

மோனோலித்தில், பல மாற்றங்களை முழுதாக முடிக்கும் அல்லது முழுதாகக் கைவிடும் ஒரு டேட்டாபேஸ் ட்ரான்ஸாக்‌ஷன் தொடங்கும். இருக்கை அட்டவணையில் சி-12க்கான பதிவு வேறு யாரும் மாற்ற முடியாதபடி பூட்டப்படும். அது காலியாக இருந்தால் ‘விற்றது’ என்று மாறும். வாலட் அட்டவணையில் பணம் கழியும். டிக்கெட் அட்டவணையில் ஒரு புதிய வரிசை சேரும். கமிட், அதாவது எல்லாம் நிரந்தரமாகப் பதிவாகும். நடுவில் எங்கே தடுமாறினாலும் ரோல்பேக் ஆகி, எதுவுமே நடக்காதது போல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பணம் போய் இருக்கை கிடைக்காத நிலை இந்த மூன்று அட்டவணைகளுக்குள் வரவே வராது. இதற்காக நீங்கள் எழுதும் நிரல் சில வரிகள்தான், மிச்சத்தை டேட்டாபேஸ் பார்த்துக்கொள்கிறது.

இப்போது அதையே பிரித்துவிட்டோம். இருக்கை சர்வீஸ் சி-12ஐப் பிடித்து வைக்கிறது. வாலட் சர்வீஸுக்கு ‘இவ்வளவு கழித்துக்கொள்’ என்று கேட்கிறது. இரண்டு நொடி ஆகியும் பதில் இல்லை, டைம்அவுட். என்ன நடந்திருக்கும்? கோரிக்கை போய்ச் சேராமலே இருந்திருக்கலாம். போய்ச் சேர்ந்து, பணத்தைக் கழிப்பதற்கு முன்பே வாலட் சர்வீஸ் விழுந்திருக்கலாம். பணத்தைக் கழித்துவிட்டு, பதில் மட்டும் திரும்பி வரும் வழியில் தொலைந்திருக்கலாம். இருக்கை சர்வீஸ் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

சரி, மறுபடி கேட்போம் என்று ரீட்ரை போட்டால், மூன்றாவது நிலையில் பணம் இரண்டு முறை கழியும். அதனால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுக்க வேண்டும். அந்த எண்ணை வாலட் சர்வீஸ், பணத்தைக் கழிக்கும் அதே ட்ரான்ஸாக்‌ஷனில் பதிந்து வைக்க வேண்டும். அதே எண்ணுடன் மீண்டும் கோரிக்கை வந்தால், திரும்பக் கழிக்காமல் பழைய பதிலையே தர வேண்டும்.

எத்தனை முறை கேட்டும் பதில் வரவில்லை என்றால்? இருக்கையை விடுவிக்க வேண்டும். விடுவித்த பிறகு, தாமதமாக வாலட் வேலையை முடித்துப் பணத்தைக் கழித்துவிட்டது என்றால், அதைத் திருப்பித் தர இன்னொரு வேலை எழுத வேண்டும். இப்படி ஒவ்வொரு செயலுக்கும் அதை ஈடுகட்டும் எதிர்ச்செயலைக் கோத்து வைக்கும் முறைக்கு சாகா என்று பெயர். 1987இல் ஹெக்டர் கார்சியா-மோலினாவும் கென்னத் சேலமும் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதை விவரித்தார்கள். அதற்கு மைக்ரோசர்வீஸ் காரணமில்லை, நீண்ட நேரம் ஓடும் டேட்டாபேஸ் வேலைகளுக்காகத்தான் எழுதினார்கள். இன்று சர்வீஸ்களுக்கு இடையிலும் அதுவே கைகொடுக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. டிக்கெட் பதிவானதும் ‘மின்னஞ்சல் அனுப்பு’ என்று அறிவிப்பு சர்வீஸுக்கு மெசேஜ் போட வேண்டும். டேட்டாபேஸில் கமிட் ஆன அடுத்த கணம், மெசேஜ் போடுவதற்கு முன் சர்வர் விழுந்தால்? டிக்கெட் இருக்கும், மின்னஞ்சல் போகாது. இதற்கு அவுட்பாக்ஸ் என்று ஓர் ஏற்பாடு உண்டு: அனுப்ப வேண்டிய மெசேஜை அதே ட்ரான்ஸாக்‌ஷனில் ஓர் அட்டவணையில் எழுதிவைத்து, இன்னொரு சிறு வேலை அதைப் படித்துப் படித்து அனுப்பும். ஒரே மெசேஜ் இரண்டு முறை போகவும் வாய்ப்புண்டு என்பதால், வாங்குகிற பக்கமும் அதைத் தாங்கும்படி எழுத வேண்டும்.

ஒரு ட்ரான்ஸாக்‌ஷன் செய்த வேலைக்கு எத்தனை ஏற்பாடுகள் வந்துவிட்டன பாருங்கள். மோனோலித்திலும் வெளியே உள்ள பேமென்ட் கேட்வேயோடு பேசும் இடத்தில் இதே பிரச்சினை வரும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே அது ஓரிடத்தோடு நிற்கும். சர்வீஸ்களாகப் பிரித்தால் ஒவ்வொரு எல்லையிலும் இதை யோசிக்க வேண்டும்.

வேகத்திலும் இந்த இடைவெளி தெரியும். ஒரே செயலிக்குள் ஒரு ஃபங்ஷனை அழைக்கச் சில நானோ நொடிகள் போதும். ஒரே டேட்டா சென்டருக்குள் நெட்வொர்க் வழியாகப் போய்வர ஏறத்தாழ அரை மில்லி நொடி. லட்சம் மடங்குக்கும் மேல் வித்தியாசம். ஓர் அழைப்பு என்றால் பயனருக்குத் தெரியாது. ஒரு பக்கத்தைக் காட்ட நாற்பது அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் தெரியும்.

நம்பகத்தன்மையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சர்வீஸ் 99.9 சதவீத நேரம் ஓடுகிறது என்றால், 30 நாள் மாதத்தில் ஏறக்குறைய 43 நிமிடம் நிற்கும். ஒரு டிக்கெட் விற்க அப்படிப்பட்ட பத்து சர்வீஸ்களும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்கக்கூடியவை என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 99 சதவீதமாகக் குறைகிறது. அதாவது மாதத்தில் 7 மணி நேரத்துக்கு மேல். ‘பிரித்தால் ஒன்று விழுந்தாலும் மற்றவை ஓடும்’ என்று சொல்வார்கள். ஒன்று இல்லாமல் மற்றவை சமாளிக்கும்படி நீங்கள் எழுதியிருந்தால்தான் அது நடக்கும்.

## அப்படியானால் ஏன் பிரிக்கிறார்கள்?

முதல் காரணம் ஆட்கள். நான்கு பேர் ஒரே நிரல்தொகுப்பில் சுகமாக வேலை செய்யலாம். எண்பது பேர் என்றால், ஒருவர் மாற்றம் இன்னொருவர் மாற்றத்துக்காகக் காத்திருக்கும். டெஸ்ட்கள் மணிக்கணக்கில் ஓடும். அறிவிப்புப் பகுதியில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாலும் முழுச் செயலியையும் டிப்ளாய் செய்ய வேண்டும். ஒரு குழு தன் பகுதியைத் தானே முடிவெடுத்து, தானே வெளியிட முடிவதுதான் மைக்ரோசர்வீஸின் பெரிய லாபம் என்பது என் கருத்து. ஒரு நிறுவனம் கட்டும் அமைப்பு அந்த நிறுவனத்தின் பேச்சுத்தொடர்புகளின் அமைப்பைப் போலவே வந்து நிற்கும் என்று மெல்வின் கான்வே 1968லேயே எழுதினார். குழு ஒன்றுதான், சர்வீஸ் பன்னிரண்டு என்றால் இரண்டும் ஒத்துப்போகாது.

இரண்டாவது, சுமை ஒரே மாதிரி இல்லாமல் இருப்பது. டிக்கெட்டைப் பிடிஎஃப் கோப்பாக மாற்றும் பகுதி நிறைய மெமரியைத் தின்னும், மற்றவை தின்னாது என்றால் அதை மட்டும் தனியே வைப்பதில் நியாயம் இருக்கிறது. அதில் மெமரி கசிந்து விழுந்தாலும் விற்பனை நிற்காது. கார்டு விவரங்களைத் தொடும் பகுதியைத் தனியே வைத்தால் பாதுகாப்புத் தணிக்கை அந்தச் சின்ன இடத்தோடு முடியும்.

நெட்ஃபிளிக்ஸ் 2008 ஆகஸ்ட்டில் ஒரு டேட்டாபேஸ் பழுதால் மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் நின்றது. அதற்குப் பிறகுதான் கிளவுடுக்கும் சிறு சர்வீஸ்களுக்கும் மாறத் தொடங்கினார்கள். அது முடிந்தது 2016 ஜனவரியில். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே ஏழு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

திரும்பி வந்தவர்களும் உண்டு. சர்வீஸ்களுக்கு இடையே நடக்கும் பேச்சைக் கவனித்துக்கொள்ளும் சர்வீஸ் மெஷ் மென்பொருளான இஸ்டியோ, 2020 மார்ச்சில் வந்த 1.5 பதிப்பில், தன் கட்டுப்பாட்டுப் பகுதியின் தனித்தனி சர்வீஸ்களை ஒன்றாக்கிவிட்டது. மைக்ரோசர்வீஸ்களை நிர்வகிப்பதற்கென்றே உள்ள கருவி அது என்பதால் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பகுதிகள் எல்லாவற்றையும் ஒரே ஆள்தான் நிறுவி இயக்குகிறார் எனும்போது பிரித்து வைத்ததால் லாபமில்லை. அமேசான் பிரைம் வீடியோவில் ஒளிபரப்பின் தரத்தைக் கண்காணிக்கும் குழு, சிதறிக் கிடந்த தன் கருவியை ஒரே செயலியாக்கி 90 சதவீதத்துக்கு மேல் செலவைக் குறைத்ததாக 2023இல் எழுதியது. பிரைம் வீடியோ முழுவதும் அப்படி மாறிவிட்டது என்று இதைப் படித்துவிடக் கூடாது, மாறியது அந்த ஒரு கருவிதான்.

## இனி செய்ய வேண்டியது, படிப்படியாக

முதலில் நிரலைத் தொடாமல் தரவைப் பாருங்கள். ஒரு காகிதத்தில் அட்டவணைகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் யார் சொந்தக்காரர் என்று குறியுங்கள். ‘வாலட் இருப்பு’ வாலட்டுக்குச் சொந்தம். ‘டிக்கெட்’ யாருக்கு? இருக்கைக்கா, தனியாகப் பதிவு என்று ஒரு பகுதியா? இரண்டு பகுதிகள் ஒரே அட்டவணையில் எழுத வேண்டியிருந்தால் உங்கள் எல்லை இன்னும் சரியாக விழவில்லை. இங்கே செலவிடும் நேரம் வீணாகாது, பின்னால் எந்த வழியில் போனாலும் இந்தப் படம் வேண்டும்.

அடுத்தது, ஒரே செயலிக்குள் அந்த எல்லைகளைக் கட்டுவது. இதைத்தான் மாடுலர் மோனோலித் என்கிறார்கள். கோப்புறைகளைக் கன்ட்ரோலர், மாடல் என்று தொழில்நுட்ப அடுக்காகப் பிரிக்காமல் இருக்கை, வாலட், அறிவிப்பு என்று வேலையை வைத்துப் பிரியுங்கள். ஒவ்வொரு பகுதியும் வெளியே சில ஃபங்ஷன்களை மட்டும் காட்டட்டும். மற்ற பகுதிகள் அவற்றை மட்டுமே அழைக்கலாம். ஒரு பகுதி இன்னொரு பகுதியின் அட்டவணையை நேராகப் படிக்கவே கூடாது.

இந்த விதியை வாய்வார்த்தையாக விட்டால் அவசர வேலை வரும் முதல் வாரமே உடைந்துவிடும், அதனால் கருவியிடம் ஒப்படைத்துவிடுங்கள். ஜாவாவுக்கு ஆர்க்யூனிட், பைத்தானுக்கு இம்போர்ட் லின்டர், ரூபிக்கு ஷாப்பிஃபை வெளியிட்ட பேக்வெர்க் இருக்கின்றன. ஷாப்பிஃபை தன் பெரிய ரெயில்ஸ் மோனோலித்தை இப்படித்தான் உள்ளுக்குள் பகுதி பிரித்தது. டேட்டாபேஸ் பக்கமும் காவல் போடலாம்: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்றால் பகுதிக்கு ஒரு ஸ்கீமா (அட்டவணைகளின் தனித் தொகுப்பு), பகுதிக்கு ஒரு டேட்டாபேஸ் பயனர். வாலட்டின் பயனருக்கு இருக்கை ஸ்கீமாவில் அனுமதி இல்லையென்றால், யாராவது எல்லை தாண்டி க்வெரி எழுதினாலும் அது ஓடாது.

இதைச் செய்யத் தொடங்கியதும், பல அட்டவணைகளை ஒரே க்வெரியில் இணைக்கும் ஜாயின்கள் உடையும். டிக்கெட் பட்டியலோடு பயனர் பெயரையும் ஒரே க்வெரியில் எடுத்துக்கொண்டிருந்திருப்பீர்கள், இனி முடியாது. டிக்கெட்களை எடுத்து, அவற்றில் உள்ள பயனர் எண்களைத் திரட்டி, ‘இந்த ஐம்பது பேரின் பெயர்களைக் கொடு’ என்று பயனர் பகுதியிடம் ஒரே தடவையில் கேளுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை கேட்கும்படி எழுதிவிட்டால் பின்னாளில் அது நெட்வொர்க் அழைப்பாக மாறும்போது செயலி படுத்துவிடும்.

சில மாதம் ஓடட்டும். அப்புறம், நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். இருக்கையும் வாலட்டும் பெரும்பாலான மாற்றங்களில் சேர்ந்தே மாறுகின்றனவா? அப்படியானால் அவை உண்மையில் ஒரே பகுதி, பிரிக்க நினைக்காதீர்கள். அறிவிப்பு மட்டும் தனியாகவே மாறிக்கொண்டிருக்கிறதா? அது வெளியே வரத் தகுதியானது. இந்த எல்லைகள் தொடக்கத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒரே செயலிக்குள் எல்லையை நகர்த்துவது ஒரு மதிய வேலை, இரண்டு சர்வீஸ்களுக்கு நடுவே நகர்த்துவது ஒரு திட்டம். வெற்றிகரமான மைக்ரோசர்வீஸ் அமைப்புகளில் ஏறக்குறைய எல்லாமே மோனோலித்தாகத் தொடங்கி, பெரிதான பின் பிரிக்கப்பட்டவையே என்று ஃபவுலர் 2015இல் எழுதியதற்குக் காரணமும் இதுதான்.

பிரிக்க வேண்டிய காரணம் நிஜமாகவே வந்துவிட்டது என்றால், முதலில் தயாரிப்பு. பில்ட், டெஸ்ட், டிப்ளாய் மூன்றும் தானாக நடக்க வேண்டும். எல்லா சர்வீஸ்களின் லாக்குகளும் ஓரிடத்தில் சேர வேண்டும். ஒரு கோரிக்கை எந்தெந்த சர்வீஸ் வழியாகப் போனது என்று பின்தொடர ஓப்பன்டெலிமெட்ரி போன்ற ட்ரேசிங் வேண்டும். ஒரு சர்வீஸ் விழுந்தால் பயனர் சொல்லும் முன் உங்களுக்குத் தெரிய வேண்டும். இவை இல்லாமல் பிரித்தால், ‘டிக்கெட் வரவில்லை’ என்ற ஒரு புகாரைத் தேட நான்கு சர்வர்களில் நான்கு லாக் கோப்புகளைத் திறந்து நேரத்தை ஒப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். நிறைய கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸ் கட்டாயமில்லை. ஒன்றிரண்டு சர்வீஸ்களுக்கு டாக்கர் கன்டெய்னர்களே (செயலியை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டி ஓடவிடும் பொட்டலங்கள்) போதும்.

பிறகு ஒன்றை மட்டும் வெளியே எடுங்கள். எங்கள் உதாரணத்தில் அது அறிவிப்புதான், ஏனென்றால் மின்னஞ்சல் அனுப்புவதற்காக டிக்கெட் விற்பனை காத்திருக்க வேண்டியதில்லை. மோனோலித் அவுட்பாக்ஸ் வழியாக மெசேஜ் போடும், அறிவிப்பு சர்வீஸ் எடுத்து அனுப்பும். முதலில் ஒரே ஒரு வகை மின்னஞ்சலை மட்டும் புதிய வழியில் விடுங்கள். சரியாகப் போகிறது என்றால் அடுத்தது. எல்லாம் மாறிய பின் பழைய நிரலை அழியுங்கள். இந்த அழிக்கும் வேலையைத் தள்ளிப்போட்டால் இரண்டு வழிகளையும் காலமெல்லாம் பராமரிக்க நேரும். பழையதைச் சுற்றிப் புதியதை வளர்த்து மெல்ல மெல்ல இடம் மாற்றும் இந்த முறையை ஃபவுலர் 2004இல் விவரித்தார், இன்று இதற்கு ஸ்ட்ராங்லர் ஃபிக் என்று பெயர். வாலட்டைக் கடைசியாக வையுங்கள். பணம் நகரும் இடத்தில் ட்ரான்ஸாக்‌ஷனைக் கைவிட அவசரப்படக் கூடாது.

பிரித்த பிறகு சில அறிகுறிகளைக் கவனியுங்கள். இரண்டு சர்வீஸ்களை எப்போதும் சேர்த்தே டிப்ளாய் செய்ய வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே அட்டவணையில் எழுதுகின்றன. ஒரு பொது லைப்ரரியை மேம்படுத்தினால் எல்லா சர்வீஸ்களையும் அதே நாளில் மாற்ற வேண்டியிருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலே அது சிதறிய மோனோலித். இரண்டு வழிகளின் கஷ்டமும் சேர்ந்து வரும், லாபம் எதுவும் வராது. அப்போது அந்த இரண்டையும் மறுபடி ஒன்றாக்குவதுதான் சரியான முடிவு, தயங்காமல் செய்யுங்கள்.

## கற்றுக்கொள்ள ஒரு பயிற்சி

வேலையில் இப்போதைக்கு மைக்ரோசர்வீஸ் தேவையில்லை, ஆனால் கற்க வேண்டும் என்பவர்கள் இந்த டிக்கெட் செயலியையே எழுதிப் பாருங்கள். முதலில் மோனோலித்தாக, மேலே சொன்ன எல்லைகளோடு. பிறகு அறிவிப்பைத் தனி கன்டெய்னராக்கி, டிக்கெட் விற்றுக்கொண்டிருக்கும்போதே அந்தக் கன்டெய்னரை நிறுத்துங்கள். விற்பனை தொடர வேண்டும். மீண்டும் தொடங்கியதும் தேங்கிய மின்னஞ்சல்கள் போக வேண்டும், எதுவும் விடுபடக் கூடாது.

அது சரியாக வந்தபின் வாலட்டையும் பிரியுங்கள். பணத்தைக் கழித்த பிறகு, பதில் அனுப்புவதற்கு முன் ஐந்து நொடி தூங்கும்படி ஒரு வரி சேர்த்து, அந்த இடைவெளியில் கன்டெய்னரைக் கொல்லுங்கள். பிறகு டேட்டாபேஸைத் திறந்து சி-12 இருக்கையின் நிலையையும் வாலட் இருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தவில்லை என்றால், அவற்றைப் பொருத்தும் நிரலை எழுதுங்கள். அதை எழுதி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புதிய எல்லைக்கும் ஏறக்குறைய அவ்வளவு வேலை காத்திருக்கிறது என்று வைத்து உங்கள் திட்டத்துக்கு நாள் கணக்குப் போடலாம்.